விசுவாச மந்திரம் தமிழில் வந்த வரலாறு

ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்று நாம் யாவரும் ஒரே குரலாய்ச் சொல்லும் விசுவாச அறிக்கையைச் சொல்லி முடிக்க ஓரிரு நிமிடங்களே ஆகின்றன. திருச்சபை எதை விசுவசிக்கிறது, எதற்காக இவ்வுலகில் நிற்கிறது என்று அயலார் எவரேனும் நம்மைக் கேட்டால் பெரிய நூல்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. அந்த ஓரிரு நிமிடங்களுக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு பிரிவுகளும் நம் தாய்மொழியில், நம் பாட்டிமார் நாவிலும் நம் நாவிலும் வந்து சேர்ந்த வரலாறு 480 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதற்குள் கடலும் உண்டு, கண்ணீரும் உண்டு, நகைப்புக்கு இடமான சங்கதிகளும் உண்டு. விழா மலர் என்றால் கோபுரம் எழும்பிய வரலாறும், மணி வந்த வரலாறும், தேர் செய்த வரலாறும் எழுதுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுதியுள்ள பெரியோர் நம் பங்கில் இருக்கிறார்கள். நான் இந்த மந்திரத்தின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்போஸ்தலர் பன்னிருவரும் ஆளுக்கொரு வாக்கியமாகச் சொல்லி இதை ஆக்கினார்கள் என்பது பழங்காலப் பக்தி மரபு. உரோமை நகரில் ஞானஸ்நானம் பெற வந்தவர்களிடம் "பிதாவை விசுவசிக்கிறாயா? சுதனை விசுவசிக்கிறாயா?" என்று கேட்கப்பட்ட கேள்விகளிலிருந்து இது வளர்ந்தது என்பது அறிஞர் முடிவு. பெருவிழாக்களில் நாம் சொல்லும் நீண்ட வடிவம், 325இல் நீசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய சங்கங்களோடு சேர்ந்தது. சிறியது வீட்டுக்குரியது. குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கவும் சாகும் தறுவாயில் காதில் ஓதவும் ஏற்றது அதுவே. தமிழில் முதலில் வந்ததும் அதுவே.

முத்துக்குளித்துறைக்கு வருவோம். 1535இல் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய சண்டையில் அவர்கள் குலமே அழிந்துபோகும் நிலையில் இருந்தது. அங்கேயே தூதுவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கரையோர ஊர்களில் சுமார் 20,000 பேர் மனந்திரும்பினார்கள். நம்மில் சிலர் இதைச் சொல்லத் தயங்குவார்கள். எனினும் மறைக்க என்ன இருக்கிறது? உயிருக்கும் தொழிலுக்கும் அடைக்கலம் தேடி வந்தவர்கள்தாம் அவர்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டது. வேதம் சொல்லித்தரத் தமிழ் அறிந்த குரு இல்லை. 1542 அக்டோபரில் புனித சவேரியார் இக்கரைக்கு வந்து ஊர் ஊராய்க் கேட்டபோது, "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்ற ஒரு பதில்தான் கிடைத்தது. எதை விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால் தெரியவில்லை. இதை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சவேரியாரைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைகளில் அவர் பல பாஷைகளை வரமாகப் பெற்றவர் என்று வரும். அவருடைய சொந்தக் கடிதங்கள் அப்படிச் சொல்லவில்லை. இம்மக்களின் மொழி வேறு, என் மொழி பாஸ்க்கு மொழி. ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்றுதான் அவர் எழுதுகிறார். ஆகவே அவர் செய்தது, எந்தச் சாதாரண மனிதரும் செய்யக்கூடிய கடின உழைப்பு. இரு மொழியும் ஓரளவு தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறைந்த மந்திரம், பாவ சங்கீர்த்தன மந்திரம் முதலியவற்றை மாதக்கணக்கில் முயன்று தமிழாக்கினார். பிறகு அவற்றை மனனம் செய்தார். பாரீஸ் சர்வகலாசாலையில் தத்துவம் போதித்த மனிதர், நம் கடற்கரை மணலில் அமர்ந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல் நெட்டுருப் போட்டார்! கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டி, நாள்தோறும் இருவேளை சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டிற்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளிகள் வீட்டிற்கும் பிள்ளைகளையே அனுப்பி மந்திரத்தைச் சொல்லவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரார் எல்லாரும் கூடுவார்கள். விசுவாச மந்திரத்தை ஒவ்வொரு பிரிவாகச் சொல்லி, "இதை உறுதியாக விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்பார். மக்கள் இரு கைகளையும் நெஞ்சின்மேல் சிலுவையாக வைத்துக்கொண்டு, விசுவசிக்கிறோம் என்று உரக்கச் சொல்வார்கள். மற்றச் செபங்களைவிட இதையே அதிகத் தடவை சொல்லவைத்தார். கிறிஸ்தவன் என்ற பேருக்கு இதுவே ஆதாரம் என்பது அவர் எண்ணம்.

அந்த முதல் மொழிபெயர்ப்பு எப்படியிருந்தது? ஓர் அருமையான சான்று இருக்கிறது. 1544இல் தம் உடன் ஊழியரான பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இரண்டு திருத்தங்களைச் சொல்கிறார். முதலாவது: மந்திரத்தில் "எனக்கு வேணும்" என்று வருகிறதே, அதை மாற்றி "விசுவாசம்" என்று சொல்லுங்கள், ஏனெனில் "வேணும்" என்றால் விரும்புகிறேன் என்றுதான் பொருள். இரண்டாவது: கிறிஸ்துநாதர் பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் "வன்பினாலே" என்ற சொல் வேண்டாம், அவர் பலவந்தத்தினால் பாடுபடவில்லை, தாமாக மனமுவந்து பாடுபட்டார்.

பங்கு மக்கள் இதைச் சற்று நின்று நினைத்துப்பார்க்க வேண்டுகிறேன். இரண்டே ஆண்டு காலத் தமிழ் அறிவு. எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாது. எனினும் ஒரு சொல் பிசகினால் விசுவாசமே பிசகிவிடும் என்று அவர் கண்டுகொண்டார். கடவுள் எனக்கு வேணும் என்பது ஒன்று. கடவுளை விசுவசிக்கிறேன் என்பது வேறு. முதலாவது தேவைக்காகக் கேட்பது. கொச்சிக்குப் படகேறிப் போன நாளில் நம் முன்னோர் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே! அங்கிருந்து அவர்களை இரண்டாவது சொல்லுக்குக் கொண்டுவந்ததே மிஷன் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. "வன்பினாலே" என்ற சொல்லோ இன்னும் ஆழமானது. கட்டாயத்தால் இறந்தவர் இரட்சகர் ஆகமாட்டார். அன்பினால் இறந்தவர்தாம் ஆவார். ஒரு வினையடையை நீக்கியதில் முழு வேதசாஸ்திரம் இருக்கிறது.

அவர் போன பிறகு யார் சொல்லிக்கொடுப்பது? எழுதத் தெரிந்தவர்களைக்கொண்டு ஊருக்கு ஒரு பிரதி எழுதவைத்து, ஊருக்கு ஓர் ஆளையும் நியமித்தார். அவர்களைக் கடிதங்களில் "கணக்கப்பிள்ளை" என்றே குறிப்பிடுகிறார். இன்று நாம் உபதேசியார் என்று அழைக்கும் பதவியின் தொடக்கம் இதுதான். இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கையான கதை. போர்த்துக்கல் அரசியாரின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரை வருமானத்தில் ஆண்டுக்கு 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அரசியாருக்கு எழுதி அந்தத் தொகையை உபதேசிகளுக்குக் கேட்டு வாங்கிவிட்டார். மோட்சத்திற்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல பாதரட்சை அரசியாருக்குக் கிடைக்காது என்பது அவர் வாதம்.

அதே 1544ஆம் ஆண்டு, வடுகர் படை கரையைச் சூறையாடியபோது மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள். சவேரியார் படகுகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு அவர்களைத் தேடிப் புறப்பட்டார். மன்னாரில் வேதத்தில் சேர்ந்தவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றதும் அவ்வாண்டே. 600 பேருக்கு மேல் என்பது வழிவழி வந்த வரலாறு. அவர்கள் வேதம் கற்ற காலம் மிகச் சொற்பம். 1549இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி சுவாமி தம் மக்களைக் காக்க நின்று ஈட்டிக்கு இரையானார். சேசு சபையில் முதலில் இரத்தம் சிந்தியவர் அவரே.

அச்சில் ஏறிய மந்திரம்

சவேரியார் விதைத்ததைப் பேணி வளர்த்தவர் அன்றீக்கு அடிகளார் எனும் ஹென்றிக் ஹென்றிக்கஸ். 1520இல் போர்த்துக்கல் நாட்டில் யூத வம்சத்தில் பிறந்தவர். 1546இல் இந்தியா வந்து, 1600இல் புன்னைக்காயலில் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் நம்மிடமே தங்கிவிட்டார். தமிழை முறையாகக் கற்று இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் மக்களின் காணிக்கையைக்கொண்டே ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். விசுவாசமும் ஆஸ்பத்திரியும் ஒரே ஊரில், ஒரே கையால் வந்தவை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இதற்கிடையில் 1554இல் லிஸ்பன் நகரில் இந்தியர் மூவர் உதவியுடன் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தன. ஆனால் நம் எழுத்திலேயே, நம் நாட்டிலேயே அச்சான முதல் நூல் அன்றீக்கு அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்". 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழிகளுள் எதற்கும் அதற்கு முன் இந்நாட்டில் தன் எழுத்தில் அச்சு நூல் கிடையாது. அந்தப் பெருமையைத் தமிழுக்குத் தந்தது காவியமோ இலக்கணமோ அன்று. பிள்ளைகள் படிக்கும் மந்திரப் புத்தகம்! அடுத்த ஆண்டு கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வந்தது. 1586இல் அர்ச்சியசிஷ்டவர்கள் வரலாறு அச்சாயிற்று. தம்பிரான் வணக்கத்தின் பிரதி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருக்கிறது.

சொற்களில் மட்டும் குறை இருந்தது. இஸ்பிரீத்து சாந்து, குருசு, கிராசை என்று போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே புகுந்தன. பூசைக்கு "மிசா" என்றால் தமிழ்க் காதுக்கு மீசை என்றே விழும். சில சொற்கள் நானூறு ஆண்டு நிலைத்துவிட்டன. நம் பெரியவர்கள் விசுவாச மந்திரத்தில் "போஞ்சு பிலாத்து" என்கிறார்களே, அந்தப் "போஞ்சு" போர்த்துக்கீசிய உச்சரிப்பின் மிச்சம்தான்.

மதுரையில் நடந்த மாற்றம்

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி, அங்கே ஒரு குருவானவர் 1595 முதல் உழைத்தும் உள்ளூரார் எவரும் வேதத்தில் சேராததைக் கண்டார். காரணம் ஒரு கேள்வியிலேயே இருந்தது. ஞானஸ்நானத்திற்கு வருபவரிடம், "பறங்கிக் குலத்தில் பிரவேசிக்க உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவந்தார்கள்! கிறிஸ்துவின் சீடனாவதற்கும் பறங்கியாவதற்கும் என்ன சம்பந்தம்? நொபிலி சுவாமி காவியுடுத்து, ஒருவேளை மரக்கறி உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். சருவேசுரன், கோவில், பூசை, குரு, வேதம், பிரசாதம், ஞானஸ்நானம் என்று இந்நாட்டார் காதுக்கு அந்நியமாகத் தோன்றாத சொற்களைக் கத்தோலிக்க வழக்கில் நிலைநாட்டினார். பெயர்களையும் பொருளறிந்து பெயர்த்தது நம் முன்னோர் வழக்கம். பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். லாசர் என்றால் தேவசகாயம். தத்துவ போதகரின் முறைகள்மேல் குற்றச்சாட்டு எழுந்து உரோமைவரை சென்றது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை அனுமதித்தார்.

இங்கே ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். பறங்கிக் குலம் என்ற தடை நீங்கியது பெரும் நன்மை. ஆனால் சாதி வழக்கங்களை உலகியல் என்று விட்டுவைத்ததால், உயர்ந்தோர்க்கு ஒரு சந்நியாசி, தாழ்ந்தோர் எனப்பட்டோர்க்கு ஒரு பண்டாரசுவாமி என்று குருக்களே இரு வகையாயினர். "அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்" என்று நம் பாட்டிமார் சொன்ன பிரிவுக்கு, புனிதர் யாவரும் ஒரே உறவு என்பதே பொருள். அதை வாயால் சொல்லிக்கொண்டே தனி வாசல், தனி இடம், தனிக் கல்லறை என்று நாம் பிரிந்து நின்றோம். இந்த முரண்பாட்டை வெளியிலிருந்து ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் மந்திரமே சொல்லிக்கொண்டிருந்தது.

அதைக் கேட்டு நடந்தவர்களும் இருந்தார்கள். புனித அருளானந்தர் திருமண ஒழுக்கத்தைப் போதித்ததற்காகவே 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் ஒரே மனைவியுடன் வாழ முடிவுசெய்ய, விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவினராக இருந்ததே காரணம். திருவாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குலப்பெருமையை உதறி எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியது அவர்மேல் எழுந்த வெறுப்புக்கு ஒரு பெருங்காரணம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியருகே காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான், 1872இல் கட்டிய கோவில், ஒரு பீடத்தை நோக்கி இரு மண்டபங்கள் பிரிந்து நிற்கும்படி, சாதிக்கொரு பக்கமாகக் கட்டப்பட்டது. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைக் காணாமலே ஒரே பூசையைக் காணலாம். 1910இல் கௌசானல் சுவாமி அந்தத் தடுப்பை அகற்றினார். எதிர்ப்பு மூண்டது, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது, அங்கே பிரிவினை கோரியவர்கள் தோற்றார்கள். கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்று இந்திய ஆயர் பேரவை 1982இல் தெளிவாக அறிவித்தது. அறிவித்ததாலேயே எல்லாக் கல்லறைத் தோட்டங்களிலும் சுவர் விழுந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

வேதியர்களின் காலத்தையும் இரண்டு வரியில் சொல்லியாக வேண்டும். வீரமாமுனிவர் 1727இல் "வேதியர் ஒழுக்கம்" என்ற நூலை உபதேசிகளுக்கென்றே எழுதினார். தேம்பாவணி பாடியவர் இதற்கும் நேரம் ஒதுக்கினார் என்பதிலிருந்தே அப்பணியின் அருமை விளங்கும். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டு, 1838இல் மறுபடியும் மதுரை மிஷனுக்கு வரும்வரை, பல ஊர்களில் ஆண்டுக்கொருமுறை குருவைக் காண்பதே அரிது. அந்த அறுபத்தைந்து ஆண்டுகள் மந்திரம் மறையாதிருந்தது வேதியர்களாலும், விளக்கேற்றி முழங்காலிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மாராலும். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மீண்டும் மாறிய சொற்கள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. அதன் பயனாக, அதுவரை இலத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு வந்தது. அதனோடு சொற்களும் மாறின. பூசை திருப்பலி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு, தேவதிரவிய அனுமானம் அருளடையாளம், அர்ச்சியசிஷ்டவர் புனிதர், சம்மனசு வானதூதர், சேசு இயேசு. இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியாரானார். பெரியவர்களில் பலர் மனம் நொந்தார்கள் என்பது உண்மை. வேதமே மாறிவிட்டதோ என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது சரியல்ல. ஒரு சொல் பிசகினால் விசுவாசம் பிசகும் என்று 1544இல் அஞ்சினாரே ஒருவர், அந்த அச்சம்தான் இவர்களுக்கும்.

அதிலும் "விசுவாசம்" என்ற சொல்லைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். உண்ட வீட்டுக்கு விசுவாசமாய் இரு என்கிறோம். அறிவால் ஏற்றுக்கொள்வதோடு, விட்டுப்பிரியாத பற்றும் அச்சொல்லில் இருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் அதை விட்டு "நம்பிக்கை" என்றது. அப்படியானால் ஏற்கெனவே நம்பிக்கை எனப்பட்ட இரண்டாவது தேவ புண்ணியத்திற்குப் பேர் வேண்டுமே! அதற்கு "எதிர்நோக்கு" என்ற சொல் வந்தது. 2025 யூபிலி ஆண்டுக்குப் பிரான்சிஸ் திருத்தந்தை மையப்பொருளாய்த் தந்ததும் அந்த எதிர்நோக்கையே. தமிழ் தெரிந்த எவருக்கும் நம்பிக்கை என்ற சொல் எளிது. எனக்கோ விசுவாசம் என்ற சொல்லில் சவேரியாரின் வியர்வை ஒட்டியிருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டும் நம் பங்கில் வழங்கட்டும். மாலைச் செபமாலையில் முன்வரிசைப் பெரியவர்கள் பழைய மந்திரத்தையும், பின்னால் மறைக்கல்விப் பிள்ளைகள் புதியதையும் சொல்ல, சிலவேளை குழப்பமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு வாக்கியம் முந்திவிடுகிறார்கள். பெரியவர்கள் முடிக்கும்வரை காத்து நிற்கிறார்கள்.